நிறுத்தத்துக்குக் காரணம்

மீன் தொழிற்சாலையில் யாரும் பேசுவதில்லை.
பேச முடியாது.
பெல்ட் ஓடும், கத்தி ஓடும், ஐஸ் கொட்டும்.
ஆளுக்கொரு மஞ்சள் காதுமூடி.
ஐஸ்லாந்தின் இந்த மேற்கு மூலையில்
நவம்பரில் போன வெயில்
ஜனவரிக் கடைசியில்தான் மலையைத் தாண்டி வரும்.
உள்ளே டியூப் லைட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

ஹல்தோரா எங்கள் ஷிஃப்டை எடுத்துக்கொண்ட முதல் வாரம்
ஒன்றைக் கவனித்தேன்.
யாரிடம் பேச வந்தாலும்
முதலில் தன் மூடியைக் கழற்றிக்
கழுத்தில் போட்டுக்கொள்வாள்.
அத்தனை இரைச்சலையும் முழுசாக வாங்கிக்கொண்டு
குனிந்து நிற்பாள்.
அப்புறம்தான் நாங்கள் கழற்றுவோம்.

முன்பு இருந்தவர் விசில் வைத்திருந்தார்.
அவரைப் பற்றி அவ்வளவுதான்.

லுஸ்விமிண்டா தன் தோள்வலியை
யாரிடமும் சொன்னவள் இல்லை.
தட்டை இடக்கையால் நகர்த்துவதை
இவள் எப்போது பார்த்தாளோ,
மறுநாள் லுஸ் நிற்கும் இடத்தில்
ஒரு பலகை கூடியிருந்தது.
அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

என் பெயர் அவள் வாய்க்கு வர நான்கு நாள் ஆயிற்று.
நான்கு நாளும் தப்பாகச் சொல்லிவிட்டு
"இன்னொரு தரம் சொல்லு" என்று நின்றாள்.
யுர்கிதா.
அதற்கு முன் ஆறு வருஷம் இங்கே
நான் ஏழாம் நம்பர் மேஜை.

தேவதை என்று நினைத்துவிட வேண்டாம்.
சம்பள உயர்வு கேட்டால் ஜன்னலைப் பார்ப்பாள்.
ஜன்னலில் என்ன இருக்கிறது, பனிதான்.

பிப்ரவரியில் ஒரு வியாழன்.
நானூறு கிலோ காட் மீன்
முள்ளோடு பெட்டிக்குள் போய்விட்டது.
ரெய்க்யவிக்கிலிருந்து போன்.
ஹல்தோரா மாடியிலிருந்து நேரே இறங்கி வந்தாள்,
மூடியைக் கழற்றாமலே.
ஸெனானைப் பார்த்துக் கத்தினாள்.
காதை அடைத்துக்கொண்டு நின்ற
பதினாறு பேருக்கும் கேட்டது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சுத்தமாக இருந்த கத்தியை
இன்னொரு முறை கழுவினான்.

எக்ஸ்ரே மெஷினுக்கு யாரோ தப்பான அளவு எழுதிக் கொடுத்திருந்த சீட்டு
அன்று இரவு அவள் கையில்தான் முதலில் கிடைத்ததாம்.
கையெழுத்து அவளுடையது.
ஒரு துண்டுக் காகிதம்.
எங்கள் ஆலையில் காகிதம் நனைந்து கரைவதற்கு
இரண்டு நிமிஷம் போதும்.

வெள்ளி காலை ஏழு பத்து.
பெல்ட் நின்றது.
சிவப்புப் பொத்தான் என்றால்
யாருக்கோ விரல் போயிருக்க வேண்டும்.
எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டோம்.
எல்லாம் இருந்தது.

நேற்றுக் கத்திய அதே இடத்தில் நின்றிருந்தாள்.
மூடி கழுத்தில்.
நாங்களும் கழற்றினோம்.
எங்கோ தண்ணீர் சொட்டுவது,
லுஸ் மூக்கு உறிஞ்சுவது,
இவ்வளவு நாள் கேட்காத சத்தமெல்லாம் கேட்டது.

"சீட்டில் தப்பாக எழுதியது நான்.
நேற்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.
இதை மட்டும் மாடிப்படியில் வைத்துச் சொன்னால்
நன்றாக இருக்காது."
அப்புறம் மன்னிப்பைப் போலிஷில் கேட்டாள்.
உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தாள்;
ஈரத்தில் பாதி அழிந்துவிட்டது.
மிச்சப் பாதியைத் தானாகவே கட்டிக்கொண்டாள்,
இலக்கணம் உடைந்து, எச்சில் விழுங்கி.

ஸெனான் கொஞ்ச நேரம் பார்த்தான்.
"பெல்ட்டைப் போடு" என்றான். "மீன் சூடாகுது."

எதற்கு நின்றது என்று கம்ப்யூட்டர் கேட்கும்.
மெஷின், மின்சாரம், விபத்து, இதர பழுது.
கடைசிக் கட்டத்தைத் தொட்டு
தன் பெயரை அடித்தாள்.
ஒரு நிமிடம் பதினோரு வினாடி.
சுவரிலுள்ள பெரிய திரையில்
சாயங்காலம் வரை அது ஓடிக்கொண்டிருந்தது.

அதோடு சரியாகிவிடவில்லை.
மூன்று வாரம் அவன் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை.
அவளும் தோளில் தட்டவில்லை, காபி வாங்கித் தரவில்லை.
காலையில் அவன் மேஜையைத் தாண்டும்போது
மூடியைக் கழற்றுவாள்,
இரண்டு மீன் நகரும் நேரம் நிற்பாள்,
மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

மார்ச்சில் ஒரு நாள்
ஸெனான் தன் மூடியை,
இடது பக்கம் மட்டும், விரலால் தூக்கினான்.
ஏதோ சொன்னான்.
ஹல்தோரா குனிந்தாள்.

என்ன சொன்னான் என்று தெரியாது.
என் காது மூடியிருந்தது.